பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: காணாமற்போன டிஎல்எல் கோப்புக்கு யார் பொறுப்பு?



"இந்த நிரலைத் தொடங்க இயலவில்லை; எம்எஸ்விசிஆர்71.டிஎல்எல் என்னும் கோப்பு காணப்படவில்லை. நிரலை மீண்டும் நிறுவினால் இச்சிக்கல் தீரலாம்." 2000ஆம் ஆண்டுகளில் பள்ளிக் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர்கள் பலரும் இப்பொருள்பட்ட ஓர் ஆங்கில அறிவிப்பைத் திரையில் கண்டிருப்பீர்கள். அதைக் கண்டவுடன் நாம் கேட்கும் முதற்கேள்வி என்ன? "யார் இதில் கை வைத்தது?" என்பதுதான். கடைசியாக அந்த நாற்காலியில் அமர்ந்த மாணவன் குற்றவாளி ஆகிறான். வீட்டுக் கணினியாக இருந்தால், விளையாட்டுக் குறுவட்டைப் போட்ட பிள்ளைக்கு வசை விழுகிறது.

அந்தக் கோப்பு காணாமற்போனதற்கு மாணவனும் பொறுப்பல்லன், ஆசிரியரும் பொறுப்பல்லர், பெற்றோரும் பொறுப்பல்லர். எல்லாரும் பயன்படுத்தும் ஒரு பொருளை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, அதற்கு ஒரு காவலரை நியமிக்காமல், பெயரை மாற்றாமலேயே உள்ளடக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தவர்களே பொறுப்பு. பின்னர், "பொதுவில் வைத்ததே பிழை; இனி அவரவர் பொருளை அவரவர் வைத்துக்கொள்வதே அறிவு" என்று ஒரு பாடமும் கற்பித்தார்கள். அப்பாடம் முதற்பிழையினும் பெரிய பிழை. இவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சி நூலகம் என்றால் என்ன?

சி என்னும் நிரல்மொழியை 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டெனிஸ் ரிட்சி உருவாக்கினார். அது மிகச் சிறிய மொழி. திரையில் ஒரு வரி எழுதுவதற்கும் அம்மொழிக்குள் தனிக் கட்டளை கிடையாது. எழுத்தை அச்சிடுதல், கோப்பைத் திறத்தல், நினைவகத்தில் இடம் கேட்டு வாங்குதல், வேலை முடிந்ததும் அவ்விடத்தைத் திருப்பித் தருதல் முதலிய அன்றாடப் பணிகள் அனைத்தும் மொழிக்கு வெளியே ஒரு நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. 1989ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் தர வரையறை அந்நூலகத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதையும் வகுத்தது. நிரல் இயங்கும் நேரத்தில் துணை நிற்பதால் இதனை இயக்கநேர நூலகம் என்கிறோம்.

ஒரு நிரல் இந்நூலகத்தை இரு வழிகளில் பயன்படுத்தலாம். தனக்கு வேண்டிய பகுதிகளைப் படியெடுத்துத் தனக்குள்ளேயே பதித்துக்கொள்வது ஒரு வழி. கணினியில் ஒரே ஒரு பொதுப் படியை வைத்து, எல்லா நிரல்களும் அதை நாடி வருவது மற்றொரு வழி. விண்டோஸில் அத்தகைய பொதுப் படியே டிஎல்எல் கோப்பு.

பொதுப் படியை விரும்பியதற்கு நியாயமான காரணம் இருந்தது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 95 வெறும் 4 மெகாபைட் நினைவகத்தில் இயங்கவேண்டிய இயங்குதளம். மென்பொருள்கள் 1.44 மெகாபைட் நெகிழ்வட்டுகளில் விற்கப்பட்ட காலம் அது. ஒரே கருவிப் பெட்டியை ஒவ்வொருவரும் சுமந்து வருவதைவிட, ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்வது சிக்கனம். ஒரே அகராதியை முப்பது மாணவர்கள் பயன்படுத்துவதில் என்ன தவறு இருக்கிறது?

பொருள் ஒருவருடையது, வீடு மற்றொருவருடையது

தவறு வேறோர் இடத்தில் இருந்தது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் சி நூலகம் இயங்குதளத்தின் ஓர் உறுப்பு. இயங்குதளத்தை வெளியிடுவோரே அதற்கும் காவலர். விண்டோஸில் அப்படியில்லை. இயங்குதளம் தன் பணிகளைக் கெர்னல்32.டிஎல்எல் போன்ற தன் சொந்தக் கோப்புகளின் வழியே வழங்கியது. சி நூலகமோ, நிரலை எழுதுவோர் வாங்கும் கம்பைலர் என்னும் தொகுப்பியோடு வந்தது. மைக்ரோசாப்டின் தொகுப்பிக்கு ஒரு நூலகம், போர்லண்டு நிறுவனத்தின் தொகுப்பிக்கு வேறொரு நூலகம். ஆக, பொருள் தொகுப்பிக்காரருடையது. அதை வைக்கும் இடமோ இயங்குதளத்தின் நடுவீடாகிய சிஸ்டம் கோப்புறை. இருவருக்கும் பொதுவான காவலர் எவருமில்லை.

இனி, பெயர் விவகாரத்துக்கு வருவோம். விஷுவல் சி++ 2.0 தொகுப்பியின் நூலகத்திற்கு எம்எஸ்விசிஆர்டி20 என்று பெயர். 4.0 பதிப்பின் நூலகத்திற்கு எம்எஸ்விசிஆர்டி40 என்று பெயர். எண்ணைப் பார்த்தாலே இது எந்தப் பதிப்பு என்று தெரியும். 1996ஆம் ஆண்டு வந்த 4.2 பதிப்பிலிருந்து அந்த எண் நீக்கப்பட்டது. 4.2, 1997ஆம் ஆண்டின் 5.0, 1998ஆம் ஆண்டின் 6.0 ஆகிய மூன்று தொகுப்பிகளும் எம்எஸ்விசிஆர்டி.டிஎல்எல் என்னும் ஒரே பெயரையே பயன்படுத்தின. உள்ளடக்கம் மாறியது, பெயர் மாறவில்லை.

விளைவை எண்ணிப் பாருங்கள். பள்ளி நூலகத்தில் ஓர் அகராதி இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துவிட்டு, அதே அட்டை போட்ட தம்முடைய படியை அங்கே வைக்கலாம். ஒருவர் புதிய பதிப்பை வைக்கிறார். மற்றொருவர் வந்து, பார்க்காமல் பழைய பதிப்பை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார். நேற்று இருந்த சொல்லைத் தேடிவரும் மாணவன் திகைத்து நிற்கிறான்.

விண்டோஸ் 95, 98 கணினிகளில் நடந்தது இதுவே. ஒரு நிரலை நிறுவும் நிறுவி, சிஸ்டம் கோப்புறையில் ஏற்கெனவே உள்ள கோப்பின் பதிப்பைப் பார்த்து, தன்னிடம் உள்ளது புதியதாக இருந்தால் மட்டுமே மாற்றவேண்டும் என்பது விதி. அதைக் கடைப்பிடித்தோர் உண்டு. கவலைப்படாமல் பழையதைப் புதியதன்மேல் எழுதியோரும் உண்டு. விதியைக் கடைப்பிடித்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பழைய பதிப்பின் இயல்பை நம்பி எழுதப்பட்ட நிரல், புதிய பதிப்பு வந்ததும் தடுமாறலாம். உலகெங்கும் நிரலாளர்கள் இந்நிலையை "டிஎல்எல் நரகம்" என்று அழைத்தார்கள். நரகத்தில் தள்ளப்பட்டவர்களோ பயனர்கள்.

மற்றொரு கொடுமையும் உண்டு. பயன்பாட்டில் இருக்கும் கோப்பை அந்த விண்டோஸில் உடனே மாற்ற முடியாது. ஆகவே நிறுவி, விண்இனிட் என்னும் கோப்பில் ஒரு குறிப்பை எழுதி வைத்துவிடும். அடுத்த முறை கணினியைத் திறக்கும்போதுதான் மாற்றம் நிகழும். செயல் இன்று, விளைவு நாளை. நேற்று ஒருவர் நிறுவிய நிரலால் நேர்ந்த கேட்டை, இன்று காலை கணினியைத் திறந்த மாணவன் சுமக்கிறான். நான் பார்த்துக்கொண்ட கணினிக் கூடமொன்றில், கணிதப் பயிற்சிக் குறுவட்டு ஒன்றை நிறுவிய மறுநாள், அதுவரை நன்றாக இயங்கிய அகராதி நிரல் திறக்க மறுத்தது. பழுதுபார்க்க வந்தவர் எதையும் ஆராயாமல், "பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள்" என்று தீர்ப்பளித்தார். அகராதியை மீண்டும் நிறுவியதும் அது இயங்கியது. தீர்ப்பு மட்டும் திருத்தப்படவில்லை.

விடை தெரிய முடியாத வினா

நிரலை நீக்கும்போது தோன்றும் வினாவையும் நினைவுகூருங்கள். "இந்தப் பொதுக் கோப்பை வேறு எந்த நிரலும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, நீக்கிவிடலாமா?" என்று திரை கேட்கும். விண்டோஸின் பதிவேட்டில் ஒவ்வொரு பொதுக் கோப்பையும் எத்தனை நிரல்கள் பயன்படுத்துகின்றன என்னும் எண்ணிக்கை வைக்கப்பட்டிருந்தது. ஒரு நிறுவி வரும்போது ஒன்றைக் கூட்டவேண்டும். போகும்போது ஒன்றைக் கழிக்கவேண்டும். கூட்ட மறந்த நிறுவிகள் இருந்ததால் அக்கணக்கை நம்ப முடியவில்லை. நம்ப முடியாத கணக்கைத் தாமே வைத்துக்கொண்டு, முடிவை மட்டும் பயனரிடம் தள்ளினார்கள்.

ஆம் என்றால் வேறொரு நிரல் கெடலாம். இல்லை என்றால் குப்பை சேரலாம். நான்காம் ஆண்டு மாணவனோ அவனுடைய ஆசிரியரோ இதற்கு எவ்வாறு விடை கூற முடியும்? தேர்வில் பாடத்திட்டத்திற்கு வெளியே ஒரு வினா வந்தால் நாம் கொதித்தெழுகிறோம். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத, எழுதியவருக்கே விடை தெரியாத இவ்வினாவை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டோம்.

இருபது ஆண்டுகள் சுற்றிய வழி

தீர்வு தேடவே இல்லை என்று நான் கூறமாட்டேன். 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 2000, தன் முக்கியக் கோப்புகளை யாரேனும் மாற்றினால் உடனே பழையபடி மீட்டுவைக்கும் காவலைக் கொண்டுவந்தது. எம்எஸ்விசிஆர்டி.டிஎல்எல் இயங்குதளத்தின் சொந்த உறுப்பாயிற்று. 2002, 2003ஆம் ஆண்டுத் தொகுப்பிகளின் நூலகங்கள் எம்எஸ்விசிஆர்70, எம்எஸ்விசிஆர்71 என மீண்டும் எண் சூட்டிக்கொண்டன. பெயரில் எண் திரும்பியது சரியான திருத்தமே.

ஆனால் இந்த நூலகங்கள் விண்டோஸோடு வருவதில்லை. நிரலை எழுதியவர் தம் நிரலின் கோப்புறையிலேயே ஒரு படியை வைத்து அனுப்பவேண்டும். மறந்தவர்களின் நிரல்களே "காணப்படவில்லை" என்று கூவின. நிரலை எழுதியவருடைய கணினியில் தொகுப்பி இருப்பதால் அங்கே அக்கோப்பும் இருக்கும், பிழை தெரியாது. நம் கணினியில்தான் தெரியும். அப்போதும் அறிவிப்பு, "இந்நிரலை எழுதியவர் தம் கடமையை மறந்துவிட்டார்" என்று சொல்லவில்லை. "மீண்டும் நிறுவிப் பாருங்கள்" என்று நமக்கு வேலை வைத்தது.

2005, 2008ஆம் ஆண்டுத் தொகுப்பிகள் மேலும் ஒரு சிக்கலான ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு விவரச் சீட்டில் நிரல் அறிவிக்கவேண்டும். விண்டோஸ் தனிக் கோப்புறையில் பதிப்புவாரியாக அடுக்கி வைத்திருப்பதிலிருந்து எடுத்துத் தரும். எண்ணம் நல்லதே. ஆனால் சீட்டோ கோப்போ இல்லையென்றால் விண்டோஸ் எக்ஸ்பி தந்த அறிவிப்பு, "நிரலின் அமைவடிவம் தவறானது" என்பது மட்டுமே. எந்தக் கோப்பு இல்லை என்னும் ஒரே பயனுள்ள செய்தியும் அதில் இல்லை. 2010ஆம் ஆண்டுத் தொகுப்பி சி நூலகத்திற்கு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

2015ஆம் ஆண்டில்தான் அடிப்படைக் கோளாறு திருத்தப்பட்டது. சி நூலகத்தின் பெரும்பகுதி யுசிஆர்டி என்னும் பெயரில் விண்டோஸ் 10 இயங்குதளத்தின் உறுப்பாக வந்தது. நிலையான பெயர், நிலையான இடம், ஒரே காவலர். யூனிக்ஸ் உலகம் தொடக்கத்திலிருந்தே கொண்டிருந்த ஒழுங்கை எட்ட, விண்டோஸ் 95இலிருந்து இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டுகளின் செலவை யார் ஏற்றார்கள்? இயங்காத குறுவட்டுக்குப் பணம் கொடுத்தவர்களும், வீணான பாடவேளைகளும், ஏச்சு வாங்கிய பிள்ளைகளும்தாம்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். "வட்டும் நினைவகமும் இன்று மலிவு. ஒவ்வொரு நிரலும் தன் நூலகத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். பகிர்வே வேண்டாம்" என்பார்கள். சில நிரல்களுக்கு இது பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. இதையே பொதுவிதியாக்குவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். காரணங்கள் மூன்று.

முதலாவது, பாதுகாப்பு. 2009ஆம் ஆண்டு ஜூலையில், விஷுவல் சி++ தொகுப்பியோடு வந்த ஏடிஎல் என்னும் மற்றொரு நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அந்நூலகத்தின் வரிகள் நிரல்களுக்குள்ளேயே பதிக்கப்படுபவை. ஆகவே நூலகத்தைத் திருத்தினால் மட்டும் போதவில்லை. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு நிரலையும் அதை எழுதியவர் மீண்டும் தொகுத்து வெளியிடவேண்டியிருந்தது. இதற்கு மாறாக, 2015ஆம் ஆண்டு ஜனவரியில் லினக்ஸின் சி நூலகமாகிய கிலிப்சியில் "கோஸ்ட்" எனப்பட்ட ஓட்டை வெளியானது. நூலகத்தைப் புதுப்பித்துக் கணினியை ஒருமுறை மீளத் தொடங்கினால், அதைப் பகிர்ந்த நிரல்கள் அனைத்தும் காப்பாற்றப்பட்டன. ஊர்க்கிணற்றை ஒருமுறை தூர்வாருவது எளிதா, வீட்டுக்கு வீடு கிணறு தேடி அலைவது எளிதா?

இரண்டாவது, ஒரே நிரலுக்குள் நேரும் மோதல். ஒரு நிரல் பல துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் தன் சொந்த சி நூலகத்தைக் கொண்டுவந்தால், ஒரு நூலகம் தந்த நினைவக இடத்தை மற்றொன்றிடம் திருப்பிக் கொடுக்க நேரிடும். ஒரு வங்கியில் போட்ட பணத்தை வேறொரு வங்கியில் எடுக்கப் போவதைப் போன்றது இது. நிரல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

மூன்றாவது நம் தமிழைப் பற்றியது. பழைய விண்டோஸில் சி நூலகத்தின் வழக்கமான கோப்புத் திறப்பு முறை, அந்தக் கணினிக்கு விதிக்கப்பட்ட எழுத்துப் பட்டியலையே அறியும். ஜப்பானியத்திற்கு 932, தாய் மொழிக்கு 874 எனப் பட்டியல்கள் இருந்தன. தமிழுக்கு அத்தகைய பட்டியல் ஒன்றுகூட இல்லை. விண்டோஸ் 2000 தமிழை ஏற்றபோதும் ஒருங்குறியின் வழியாக மட்டுமே ஏற்றது. அதனால், வேறு இயங்குதளங்களுக்காக எழுதப்பட்டு விண்டோஸுக்குக் கொண்டுவரப்பட்ட சி நிரல்களில், "கட்டுரை" என்று தமிழில் பெயரிட்ட கோப்பு திறக்காது. எழுத்துகளின் இடத்தில் கேள்விக்குறிகள் நிற்கும். தமிழ்ப் பெயர் வைத்த பிள்ளை தவறு செய்தவனா? 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பில்தான், பொது நூலகமான யுசிஆர்டி யுடிஎப்-8 குறியாக்கத்தை ஏற்றது. புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் ஆர் மொழி, 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் 4.2.0 பதிப்பில் இந்நூலகத்திற்கு மாறியது. அதன் பயனாக விண்டோஸிலும் யுடிஎப்-8 அதன் இயல்பான குறியாக்கமாயிற்று. பழைய படியைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொண்ட நிரலுக்கு இவ்வளர்ச்சி எட்டாது. சிறுபான்மை மொழியினராகிய நமக்கு, ஒரு பொது நூலகம் திருத்தம் பெறுவது ஆயிரம் நிரலாளர்களின் வாசலில் தனித்தனியே நின்று கேட்பதைவிட மேலானது.

பகிர்வு முறையாகவும் நடக்க முடியும் என்பதற்கு லினக்ஸே சான்று. 1997, 1998ஆம் ஆண்டுகளில் லினக்ஸ் தன் சி நூலகத்தைப் பழையதிலிருந்து கிலிப்சி 2க்கு மாற்றியது. 1997 டிசம்பரில் ரெட் ஹேட் 5.0, 1998 ஜூலையில் டெபியன் 2.0 எனப் பல வெளியீடுகள் மாறின. மாற்றம் வலியற்றதாக இல்லை. ஆயினும் பழைய நூலகத்தின் பெயரில் 5 என்றும் புதியதன் பெயரில் 6 என்றும் எண் இருந்ததால், இரண்டும் ஒரே கணினியில் அருகருகே வாழ்ந்தன. 1999ஆம் ஆண்டின் 2.1 பதிப்பிலிருந்து, ஒரு பணியின் இயல்பு மாறினால் பழைய இயல்பையும் பதிப்பு முத்திரையோடு அந்நூலகம் காத்துவருகிறது. புதிய நூலகத்தை எதிர்பார்த்துத் தொகுத்த நிரல் பழைய லினக்ஸில் இயங்காது என்பது உண்மை. ஆனால் பழைய நிரலின் காலடியில் இருக்கும் தரையை எவரும் உருவிக்கொள்வதில்லை. 6 என்னும் அந்த எண் இன்றளவும் மாறவில்லை.

நாம் செய்யவேண்டியவை

1. "காணப்படவில்லை" என்னும் அறிவிப்பு வந்தால், மாணவனை விசாரிப்பதை நிறுத்துங்கள். அந்த அறிவிப்பை முழுமையாகப் படித்து, கோப்பின் பெயரைக் குறித்துக்கொள்ள அவனுக்குக் கற்றுக்கொடுங்கள்.

2. டிஎல்எல் கோப்புகளைத் தனித்தனியே வழங்கும் முகம் தெரியாத தளங்களிலிருந்து எதையும் இறக்காதீர்கள். அது எந்தப் பதிப்பு, அதற்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அங்கே உத்தரவாதம் இல்லை. 2005 முதலான தொகுப்பிகளின் நூலகங்களுக்கு மைக்ரோசாப்ட் தனி நிறுவல் தொகுப்புகளை வெளியிட்டது. அவற்றை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறுங்கள். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும், 32 பிட் நிரலுக்கு 32 பிட் தொகுப்பே வேண்டும். எம்எஸ்விசிஆர்70, 71 ஆகியவை அந்நிரலோடு வரவேண்டியவை. மூலக் குறுவட்டிலோ வெளியீட்டாளரிடமோ கேளுங்கள்.

3. பழைய கற்பித்தல் குறுவட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றின் முழுப் படியையும், அவை எந்த விண்டோஸில் இயங்கின என்னும் குறிப்பையும் சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்.

4. பள்ளிக்கோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கோ கற்றல் மென்பொருள் விற்க வருவோரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தொகுப்பி எதுவும் இல்லாத, புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினியில் இதைச் சோதித்தீர்களா?" எங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். விடை வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

பள்ளி என்பதே பொதுப் பொருள்களால் ஆனது. நூலகம், திடல், கரும்பலகை, கணினிக் கூடம் ஆகிய எதுவும் தனியொருவருடையதல்ல. பொதுப் பொருள் கெட்டால், அதைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்று கேட்பதே முறை. பொதுவில் இருந்ததால் கெட்டது என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். நம் பிள்ளைகளில் சிலர் நாளை நிரலாளர்கள் ஆவார்கள். பலர் பயன்படுத்தும் ஒன்றைத் திருத்தும்போது அதன் பெயரிலும் அத்திருத்தத்தைச் சொல்லவேண்டும் என்பதையும், தம் பிழையைப் பயனரின் தலையில் சுமத்தக்கூடாது என்பதையும் அவர்கள் இப்போதே கற்கட்டும்.

இது குறித்து உங்கள் பள்ளியில் ஆசிரியர் கூட்டத்திலும் பெற்றோர் கூட்டத்திலும் பேசுங்கள். அடுத்த முறை அந்த அறிவிப்பு திரையில் தோன்றும்போது, நாற்காலியில் இருக்கும் பிள்ளை நம்மை அச்சத்தோடு திரும்பிப் பார்க்க நேரக்கூடாது.